கழுவக்கூடாத கையுறை

“அண்ணி, ஓடி வந்து பாருங்களேன்! என்ன கலர்னே தெரியாம கெடந்துது. இப்பப் பாருங்க, கிளிப்பச்சை!”

என் நாத்தனார் இப்படிக் கூவினால் நான் சந்தோஷமாகத்தான் ஓடுவேன். எங்கள் கார் கழுவும் கொட்டகையில் அவளுக்குப் புயல் என்று பெயர். அழுக்கைக் கண்டுவிட்டால் அவள் கை சும்மா இருக்காது. அவள் தேய்த்து முடித்த சீட்டைப் பார்த்துவிட்டு, “இது என் வண்டி இல்லைங்க” என்று சொன்னவர்கள் உண்டு.

அன்று காலை கொட்டகையின் பின்பக்கக் கொடியில் ஒரு ஜோடி கையுறை தொங்கிக்கொண்டிருந்தது. தடித்த, பெரிய கையுறை. கால்பந்தில் கோல் கீப்பர் போடுவது. ஒவ்வொரு விரல் நுனியிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. 

“அடிப்பாவி! இதை எங்கேருந்து எடுத்தே?”

“வேன்லருந்துதான் அண்ணி. கடைசி சீட்டுக்கு அடியில கவர் போட்டுச் சுத்தி வச்சிருந்துது. அப்பப்பா, என்ன நாத்தம்! செத்த எலியோன்னு நெனச்சேன். ஷாம்பு போட்டு, பிரஷ் போட்டு, தண்ணி தெளியற வரைக்கும் அலசினேன்ல!”

பாராட்டுக்காக நின்றாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். 

அந்த வேன் எங்கள் ஊர்ப் பெண்கள் கால்பந்து அணியுடையது. அன்று மாலை இறுதிப் போட்டி. எதிரணி ஊர்க்காரர்கள் எல்லாரும் பார்ப்பார்கள், வண்டி கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்று கோச் காலையிலேயே கொண்டுவந்து விட்டிருந்தார். அந்தக் கையுறை கோந்துவுடையது. கோந்து என்றால் எங்கள் அணியின் கோல் கீப்பர். பந்து கையில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் அந்தப் பெயர். அவள் அந்தக் கையுறையை இந்த ஆண்டு முழுவதும் கழுவவே இல்லை. ஜெயித்த மைதானத்து மண் எல்லாம் அதிலே இருக்கிறது, அது இருக்கிற வரைக்கும் தோற்க மாட்டோம் என்று அவளுக்கு நம்பிக்கை. அவளுக்கு மட்டுமா? அணிக்கே நம்பிக்கை. போட்டி தொடங்கும் முன்னால் எல்லாப் பெண்களும் வரிசையாக வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு அதைத் தொட்டுவிட்டுப் போவார்களாம். அவள் அம்மா, மருந்துக்கடை வைத்திருக்கிறவர், “ஜெயம் எங்களுக்கு வேணும், அந்த நாத்தம் மட்டும் வீட்டுக்குள்ள வேணாம்” என்று சொல்லிவிட்டதால்தான் அது வேனிலேயே குடியிருந்தது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் மகளும் அந்த அணியில்தான் இருக்கிறாள். அவளும் கோல் கீப்பர். கோந்துவுக்கு மாற்று ஆள். இந்த ஆண்டு முழுவதும் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுத்தவள்.

இப்போது புரிகிறதா, நான் ஏன் அப்படி அலறினேன் என்று? இறுதிப் போட்டி நாளில் கோல் கீப்பரின் ராசிக் கையுறையைக் கழுவித் தொங்கவிட்டிருப்பது யார் கொட்டகை? மாற்று கோல் கீப்பரின் அம்மாவுடைய கொட்டகை. ஊர் வாய் சும்மா இருக்குமா?

நாங்கள் இந்தத் தொழிலில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். வண்டி உள்ளே வந்ததும் அதில் இருக்கிற சாமானையெல்லாம் எடுத்து, வண்டி எண் எழுதிய கண்ணாடிப் பையில் போட்டு ஆணியில் மாட்டிவிடுவோம். பாதி தின்ற பிஸ்கட்டாக இருந்தாலும் சரி, பல் உடைந்த சீப்பாக இருந்தாலும் சரி. எதையும் தூக்கி எறிய எங்களுக்கு உரிமை இல்லை. ஒரு தடவை ஒருவருடைய பையில் இரண்டு சினிமா டிக்கெட் இருந்ததைப் பார்த்துவிட்டு அவர் மனைவி, “ஒண்ணு நீங்க, இன்னொண்ணு யாரு?” என்று இங்கேயே நின்று கேட்டார். அவர் இன்றுவரைக்கும் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அது என் தப்பா? அடுத்தவர் பொருள் அடுத்தவருடையது. எடுத்தது எடுத்தபடி திரும்பப் போகணும். சுவரிலேயே பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.

ஆனால் இந்தப் பழக்கத்துக்கு ஒரு வால் உண்டு. பையில் போடும் முன்னால் ஒவ்வொன்றையும் துடைத்துப் போடுவோம். மூக்குக் கண்ணாடி, சாவிக்கொத்து, குழந்தை பொம்மை எல்லாம் பளிச்சென்று இருந்தால் மக்கள் மகிழ்ந்துபோவார்கள். அந்த வாலை ஒட்டவைத்தவள் நான்தான். புயலை என்னவென்று திட்டுவது? திட்டினேன், அது வேறு விஷயம்.

விஷயத்தைக் கேட்டதும் புயலின் முகம் செத்துப்போனது. பிறகு உடனே உயிர் வந்தது.

“அண்ணி, ஒண்ணு செய்யலாம். இன்னிக்கு வேக்குவம்ல உறிஞ்சின மண்ணு டப்பா நெறைய இருக்கு. ஈரத்தோட பூசிட்டா அப்படியே ஒட்டிக்கும். நாத்தத்துக்கு எங்க அண்ணனோட சாக்ஸைக் கூடவே சுத்தி வைப்போம். எந்தக் கழுதைக்குத் தெரியப்போவுது?”

உங்களிடம் பொய் சொல்ல விரும்பவில்லை. நான் டப்பாவைத் திறந்தேன். கையை உள்ளே விட்டு ஒரு பிடி மண்ணை எடுத்தும் விட்டேன். யாருடைய காரிலிருந்தோ வந்த மண். அதற்குள்ளே ஒரு ஜவ்வுமிட்டாய்த் துண்டு வேறு இருந்தது. அந்தப் பெண் எங்கெங்கோ விழுந்து புரண்டு சேர்த்த மண்ணுக்கு பதிலாக இதையா பூசுவது? போட்டிக்கு முன்னால் அத்தனை பெண்களும் வரிசையில் வந்து இதைத் தொடுவார்களே, என் மகளும் தொடுவாளே! நினைத்ததும் என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. மண்ணைத் திரும்ப டப்பாவில் கொட்டினேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் என் மனதுக்குள் ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்தது. கோந்து பயந்துபோய் ஆடாவிட்டால் என் மகள் ஆடுவாளே என்று. சீ, போ என்று அதை விரட்டினேன். அது போகாமல் மூலையில் நின்றுகொண்டே இருந்தது.

அதற்குள் கோச் போனில் கத்தினார். “அக்கா! வண்டி ரெடியா? எல்லாரும் கிரவுண்டுக்கு வந்தாச்சு. நீங்களே ஓட்டிட்டு வந்துடுங்க. ஜெர்சி, பந்து, கோந்து கிளவுஸ் எல்லாம் அதுலதான் இருக்கு!”

“வரேன் தம்பி. வந்து ஒரு விஷயம் சொல்லணும்.”

“ஜெயிச்சப்புறம் சொல்லுங்கக்கா!” என்று வைத்துவிட்டார்.

நான் வேனை எடுத்தேன். புயல் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கையுறையைத் தன் கைகளில் மாட்டிக்கொண்டு, காற்றில் காயட்டும் என்று இரண்டு கையையும் சன்னலுக்கு வெளியே நீட்டினாள். போகிற வழியில் இருந்தவர்கள் எல்லாம் யாரோ டாட்டா காட்டுகிறார்கள் என்று திரும்ப டாட்டா காட்டினார்கள். ஒரு போலீஸ்காரர்கூடக் காட்டினார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது.

“அண்ணி, வேற யாரோ பண்ணிட்டாங்கன்னு சொல்லிடலாமா?”

“வாயை மூடிட்டுக் காயவை.”

மைதானத்தில் கூட்டமான கூட்டம். வேனைப் பார்த்ததும் எங்கள் பெண்கள் ஓ என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். முதலில் கோந்து. அவளுக்குப் பின்னால் அவள் அம்மா. “என் கிளவுஸ் எங்கே ஆன்ட்டி?” என்று நேராகக் கடைசி சீட்டுக்குக் கீழே தலையை விட்டாள்.

“அங்க இல்லம்மா. இங்க இருக்கு.” நான் கையுறையை நீட்டினேன். சுற்றி வளைக்கத் தெரிந்தவள் இல்லை நான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னேன். “எங்க கடையில கழுவிட்டோம். தெரியாம நடந்துபோச்சு. பொறுப்பு என்னோடது. நீ சேத்து வச்ச மண்ணை என்னால திருப்பித் தர முடியாது. மன்னிச்சுடும்மா.”

கோந்து அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். ரோஜா வாசனை ஷாம்பு. அவள் உதடு பிதுங்கியது. 

மருந்துக்கடைக்காரம்மா என் மேல் பாய்ந்தார். “தெரியாமலா? உன் பொண்ணு ஆடணும்னு தெரிஞ்சேதானே பண்ணினே! சுவரு முழுக்க நேர்மைன்னு எழுதி வச்சிருக்கே, இதுதான் உன் நேர்மையா?”

என் காது ஜிவ்வென்று சூடாகிவிட்டது. வேறு எதற்காவது என்றால் நானும் நாலு வார்த்தை நறுக்கென்று கொடுத்திருப்பேன். அன்று வாய் திறக்கவில்லை. மூலையில் நின்றுகொண்டிருந்த அந்தச் சின்ன சந்தோஷத்தை அவர் பார்த்துவிட்டாரோ என்றிருந்தது.

“அண்ணே, என்னால முடியாது. கையெல்லாம் நடுங்குது,” என்றாள் கோந்து, கோச்சைப் பார்த்து. உண்மையாகவே நடுங்கியது.

கோச்சின் பார்வை மெதுவாக என் மகள் பக்கம் திரும்பியது. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பதறிவிட்டது. பாய்ந்து நடுவில் போய் நின்றேன்.

“வேணாம் தம்பி! என் பொண்ணு இன்னிக்கு ஆட மாட்டா. நான் சொல்றேன், எழுதி வச்சுக்கோங்க. கோந்து ஆடினாலும் ஆடாட்டியும் இவ எறங்க மாட்டா. நாங்க அந்த மாதிரி ஆளுங்க இல்ல!”

சொல்லி முடித்ததும் எனக்கு ஒரு நிமிர்வு. பார்த்தீர்களா, என்று மருந்துக்கடைக்காரம்மாவைப் பார்த்தேன்.  புயல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அம்மா.”

என் மகள் எப்போதும் மெதுவாகப் பேசுகிறவள். கொட்டகையில் என் சத்தத்துக்கு நடுவே வளர்ந்ததால் அவளுக்குக் கத்தத் தேவையே வந்ததில்லை. அன்றும் கத்தவில்லை.

“அடுத்தவங்க பிஸ்கட் தூளைக்கூடத் தொட மாட்டேன்னு சொல்லுவியே. என் எடத்தை மட்டும் எப்படிம்மா எடுத்துக் குடுக்குறே? வருஷம் பூரா காலைல எந்திரிச்சு ஓடினது நான். பெஞ்சுல ஒக்காந்தது நான். அது என்னோடது. உன்னோடது இல்ல.”

இதைச் சொல்லிவிட்டு அவள் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். கன்னத்தில் அறைந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அவள் மடியில் அவளுடைய கையுறை கிடந்தது. உள்ளங்கையில் கிழிந்து பஞ்சு தெரிந்தது. பெஞ்சில் உட்காருகிறவளுக்குப் புதுசு எதற்கு என்று நான்தான் சொல்லியிருந்தேன்.

கோச் விசிலை எடுத்து ஊதினார். “அம்மாமாருங்க எல்லாம் கயித்துக்கு அந்தப் பக்கம் போங்க. யாரு ஆடணும்னு நான் சொல்றேன். மொத பாதி கோந்து, ரெண்டாவது பாதி இவ. கோந்து, பின்னால ஆள் இருக்கா, தைரியமா ஆடு. பேச்சு முடிஞ்சுது, ஓடுங்க!”

கயிற்றுக்கு அந்தப் பக்கத்தில் எனக்கும் மருந்துக்கடைக்காரம்மாவுக்கும் நடுவே புயல் நின்றாள். அவர் ஒரு பக்கம் பார்த்தார், நான் ஒரு பக்கம் பார்த்தேன்.

ஆட்டம் தொடங்கியதும் எதிரணிப் பெண் ஒருத்தி, மலை மாதிரி இருந்தாள், நேராக நம் கோலைப் பார்த்து ஓங்கி உதைத்தாள்.  கோந்து கண்ணை மூடிக்கொண்டுதான் பாய்ந்தாள், சத்தியமாகச் சொல்கிறேன். பந்து போய் அவள் கையில் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது. அவளே நம்பவில்லை. பந்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள்.

“அண்ணே! ஒட்டுது அண்ணே! முன்னைவிட ஒட்டுது!”

“பின்னே? அத்தனை மண்ணும் வேர்வையும் ஒட்டியிருந்தா எங்கேருந்து பிடிக்கும்!” என்று புயல் கயிற்றைப் பிடித்து எக்கி நின்று கத்தினாள். “நல்லா ஷாம்பு போட்டுத் தேய்ச்சிருக்கேன், தைரியமாப் பிடி கண்ணு!”

அதற்குப் பிறகு கோந்துவுக்கு நடுக்கமாவது ஒன்றாவது! மேலே, கீழே, மூலையில், வந்ததையெல்லாம் பிடித்தாள். பாதி முடிய இருக்கிற நேரத்தில் நம் பெண் ஒருத்தி அந்தப் பக்கம் ஒரு கோலும் போட்டுவிட்டாள். நானும் மருந்துக்கடைக்காரம்மாவும் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக் குதித்தோம். பிறகு யாரென்று பார்த்துவிட்டு விலகிக்கொண்டோம்.

இடைவேளையில் அவர் கயிற்றைத் தாண்டி ஓடினார். “கோச், மாத்தாதீங்க! பொண்ணு நல்லா ஆடுறா, பாத்தீங்கல்ல?”

எனக்கும் உள்ளே ஒரு குரல் அதையே சொன்னது. என் மகள் போய் கோல் விட்டுவிட்டால்? கழுவினதும் இவள், தோற்கடித்ததும் இவள் மகள் என்று ஊர் பேசாதா? நாக்கு நுனி வரை வந்தது. பல்லைக் கடித்து அடக்கினேன். என்னுடையது இல்லை, என்னுடையது இல்லை.

கோந்து தன் அம்மாவைப் பார்க்கவே இல்லை. பெஞ்சுக்குப் போய், ஒவ்வொரு விரலாக இழுத்துக் கையுறையைக் கழற்றி என் மகளிடம் நீட்டினாள்.

“உன்னோடது கிழிஞ்சிருக்கு. இதைப் போட்டுக்கோ. இன்னும் லேசா ஈரமா இருக்கு, அதான் நல்லாப் பிடிக்குது.”

“உன் ராசி?”

“ராசியைத்தான் உங்க அத்தை தண்ணில விட்டாங்களே!” என்று கோந்து சிரித்தாள். “ராசி இல்ல, நான்தான் ஆடியிருக்கேன் போல. போ, ஓடு.”

என் மகள் என்னைக் கடந்துதான் கோலுக்குப் போக வேண்டும். போனாள். என் பக்கம் திரும்பவில்லை.

இரண்டாவது பாதி எனக்குச் சரியாக ஞாபகம் இல்லை. பாதி நேரம் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தேன். புயல்தான் என்ன நடக்கிறதென்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கால்பந்தே தெரியாது, அவுட் போனதற்கெல்லாம் கோல் என்று கத்தி என் உயிரை வாங்கினாள். முடியப்போகிற நேரத்தில் நம் பெண் ஒருத்தி பதற்றத்தில் அந்த மலையைத் தள்ளிவிட்டுவிட்டாள். ரெஃப்ரீ புள்ளியைக் காட்டினார். பெனால்டி.

 அங்கே பந்து, இங்கே என் மகள். நடுவில் யாருமே இல்லை. யாரோ என் கையை இறுக்கிப் பிடித்தார்கள். பார்த்தால் மருந்துக்கடைக்காரம்மா. நகம் சதைக்குள் இறங்கியது.

“பிடிச்சிடுவா. உன் பொண்ணு பிடிச்சிடுவா,” என்றார். 

மலை ஓடிவந்து உதைத்தாள். என் மகள் இடதுபக்கம் நீளமாகப் பாய்ந்தாள். புழுதி அடங்கத் தண்ணீர் விட்டிருந்த தரையில் சேறு தெறித்தது. நான் இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. அந்தக் கிளிப்பச்சை விரல்கள் விரிந்ததைப் பார்த்தேன், பந்து அதில் போய் மோதியதைப் பார்த்தேன், அவள் அதை நெஞ்சோடு இழுத்துச் சேற்றில் சுருண்டதைப் பார்த்தேன். அப்புறம் எழுந்தாள். பந்து கையில் இருந்தது.

நான் என்ன கத்தினேன் என்று தெரியாது. மறுநாள் எனக்குக் குரலே இல்லை.

விசில் ஊதினதும் எல்லாரும் உள்ளே ஓடினோம். பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கூத்தடித்தார்கள். மருந்துக்கடைக்காரம்மா என் முன்னால் வந்து நின்று, “நான் பேசினதை மனசுல வச்சுக்காதீங்க,” என்றார். “சீட்டுக்கடியில வச்சது என் தப்பும்தான்.” நான் அவர் தோளைத் தட்டினேன். அவ்வளவுதான், வேறென்ன செய்வது?

என் மகள் கையுறையைக் கழற்றிக் கோந்துவிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டும் சேற்றில் முழுகியிருந்தன. புயல் பழக்கதோஷத்தில் கையை நீட்டினாள். நான் அந்தக் கையில் பட்டென்று ஓர் அடி வைத்தேன். “கேட்டியா அவளை?”

“கழுவுங்க ஆன்ட்டி,” என்றாள் கோந்து. “அடுத்த மேட்சுக்கும் எனக்கு இதேமாதிரி ஒட்டணும்.”

நான் மகளிடம் போனேன். முகமெல்லாம் சேறு, கண் மட்டும் தெரிந்தது. “என் தங்கமே!” என்று கட்டிக்கொள்ளப் போனேன். அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

“அம்மா, நீ இன்னும் அதைத் திருப்பித் தரல.”

“எதைடி?”

“எல்லார் முன்னாடியும் எடுத்தேல்ல. எல்லார் முன்னாடியும் குடு.”

 இத்தனை வருஷத்தில் எத்தனை பையைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்! சாவி, நகை, செல்போன், பாதி பிஸ்கட். ஒன்றுகூட இவ்வளவு கனத்ததில்லை. பக்கத்தில் கிடந்த தண்ணீர்ப் பெட்டி மேல் ஏறி நின்றேன். கோச், பெண்கள், மருந்துக்கடைக்காரம்மா, எதிரணி மலை உட்பட எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“எல்லாரும் கேளுங்க!” இருந்த கொஞ்சநஞ்சக் குரலையும் சேர்த்துக் கத்தினேன். “ஆட்டத்துக்கு முன்னாடி என் பொண்ணு ஆட மாட்டான்னு சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு உரிமை இல்ல. அது அவ எடம். அவகிட்ட கேக்காம எடுத்தேன். இப்பத் திருப்பித் தரேன்!”

என் மகள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு, வாடிக்கையாளர் பையைத் திறந்து எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“சரி,” என்றாள். “எறங்கு, விழுந்துடப் போறே.” சேற்றுக் கையை நீட்டினாள். நான் பிடித்துக்கொண்டேன்.